மராத்தியில் வாய் திறக்க வழி சொல்லுங்கள்

அறிவுரை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை, கேட்பதற்காக எழுதுகிறேன்.

செம்பூருக்கு நான் குடிவந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அலுவலகத்தில் ஆங்கிலம், ரயிலிலும் கடையிலும் இந்தி, வீட்டில் தமிழ் என்று காலம் ஓடிவிட்டது. மராத்தி பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், யார் பேசினாலும் புரியும். பேச மட்டும் நாக்கு எழாது.

சென்ற மாதம் கீழ்வீட்டுப் பெரியவர் காலமானார். முப்பது வருடப் பழக்கம். அவர் மனைவியை நான் 'வஹினி' என்றுதான் அழைப்பேன். துக்கம் கேட்கப் போனவன் கைகூப்பியபடி நின்றேனே தவிர, ஒரு வார்த்தை வரவில்லை. இந்தியில் சொல்லலாம்தான். ஆனால் அழுதுகொண்டிருப்பவரிடம் அவர் மொழியில் இரண்டு வார்த்தை சொல்ல முடியாதா என்று எனக்கே அவமானமாக இருந்தது. என் மனைவியோ காய்கறிக்காரியிடம் கற்ற அரைகுறை மராத்தியை வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினாள். யாரும் இலக்கணம் பார்க்கவில்லை.

எனக்கு இந்த பயம் எப்படி வந்தது? பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகக் கவுண்டரில், 'நாளை வருகிறேன்' என்று சொல்ல நினைத்து, 'மீ உத்யா யேதே' என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மராத்தியில் ஆண் 'யேதோ' என்றும் பெண் 'யேதே' என்றும் சொல்ல வேண்டும். நானோ பக்கத்து வீட்டுப் பெண்மணிகள் பேசுவதைக் கேட்டுக் கற்றவன்! 'வருகிறேன்' என்பதில் ஆணும் பெண்ணும் பேதமில்லாத மொழியிலிருந்து வந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? அதில் என்னோடு வந்திருந்த தமிழ் நண்பர்தான் அதிகம் சிரித்தார். ஒரு வருடம் அதைச் சொல்லிக் காட்டினார். மராத்திக்காரர் ஒருவர் திருத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வேறொரு பயமும் உண்டு. 1966-ல் சிவசேனை தோன்றியபின் தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுந்த கூச்சலை மாட்டுங்காவின் பழைய குடும்பங்கள் மறக்கவில்லை. 2025-லும் மீரா ரோட்டில் மராத்தி பேசவில்லை என்று ஒரு கடைக்காரரை அடித்தார்கள். அடித்துக் கற்பிக்கும் மொழி யாருக்கும் ஏறாது என்பதே என் கருத்து. ஆனால் என்னை யாரும் அடிக்கவில்லை. எனக்கு அந்தச் சாக்கு செல்லாது.

உண்மையில் நமக்கு மராத்தி கஷ்டமாக இருக்கக் கூடாது. நம் 'ள' அங்கே இருக்கிறது. 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு இந்தியில் இல்லை; மராத்தியில் 'ஆபண்', 'ஆம்ஹி' என்று அப்படியே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே சரபோஜி மன்னர் 1803-ல் வெட்டுவித்த மராத்திக் கல்வெட்டு இருக்கிறதே! தாராவியில் நம் திருநெல்வேலிப் பிள்ளைகள் தெருவில் விளையாடியே பேசக் கற்றுக்கொள்கிறார்கள். டிகிரி வாங்கிய நாம்தான் தப்பு வருமோ என்று விழிக்கிறோம்.

2020-ல் வந்த மாநிலச் சட்டப்படி பள்ளிகளில் மராத்தி கட்டாயம். அதனால் என் பேத்தி நன்றாகப் பேசுகிறாள். 'தாத்தா, என்கிட்ட பேசிப் பழகுங்க' என்கிறாள். அவள் முன்னாலும் கூச்சம்தான்.

இந்தக் கூச்சத்தைக் கடந்த வாசகர்கள் எப்படிக் கடந்தீர்கள்? முதலில் யாரிடம் பேசினீர்கள்? அடுத்த இதழுக்கு எழுதுங்கள். சங்கத்தில் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் மராத்திப் பேச்சுக்கு ஒதுக்கலாம் என்பது என் யோசனை. மராத்தி அண்டைவீட்டாரையும் அழைக்கலாம். திருத்தலாம், ஆனால் நம்மவர்கள் சிரிக்கக் கூடாது. அடுத்த வாரம் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு வஹினி வீட்டில் அழைத்திருக்கிறார்கள். அதற்குள் இரண்டு வாக்கியமாவது பேத்தியிடம் சொல்லிப் பார்த்துவிட வேண்டும்.