தடிமனுக்கு ஏன் மருந்தில்லை?

“மருந்து குடித்தால் ஏழு நாளில் மாறும், குடிக்காவிட்டால் ஒரு கிழமையில் மாறும்” என்று தடிமனைப் பற்றி வேடிக்கையாகக் கூறுவதுண்டு. இருதயத்தை மாற்றிப் பொருத்தவும் சந்திரனிற் கால் பதிக்கவும் வல்லவனான மனிதன், மூக்கொழுகும் இச்சிறு நோயைத் தீர்க்க ஒரு குளிசை காணவில்லையே, ஏன்? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெற்றோரும் விடையை அறிந்திருத்தல் நன்று.

நோய் தரும் கிருமிகளுள் பற்றீரியா தனித்து வாழவல்ல உயிர். அதனைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. நம் உடலின் கலங்களுக்கு அத்தகைய சுவர் இல்லை. பெனிசிலின் அச்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கின்றது. கிருமி மடிகின்றது, நம் உடல் தப்புகின்றது.

வைரசின் கதை வேறு. அது தனக்கென வீடு வாசல் இல்லாதது. நம் கலத்தினுள் நுழைந்து, அங்குள்ள அடுப்பையும் பானையையும் கொண்டே தன் சமையலை நடத்தித் தன்னைப் போன்றவற்றை ஏராளமாகப் பெருக்குகின்றது. அதனை ஒழிக்கவென்று அடுப்பை உடைத்தால் வீட்டுக்காரனும் அல்லவா பட்டினி கிடப்பான்? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக முடியும். 1960களின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்த ஐடொக்சியூரிடின் என்னும் மருந்து, கண்ணைத் தாக்கும் ஹெர்பீஸ் வைரசை அடக்கியது. ஆயினும் நம் கலங்களுக்கும் அது நஞ்சாதலின், கண்ணில் இடும் அளவோடு நிறுத்த வேண்டியதாயிற்று.

கள்வனையும் வீட்டுக்காரனையும் வேறுபிரித்தறியும் மருந்து கிட்டுமா? கிட்டும் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் கெர்ட்ரூட் எலியன் என்னும் பெண்மணி. 1918இல் நியூயோர்க்கிற் பிறந்தவர். பதினைந்து வயதில், பாட்டனார் புற்றுநோயால் வருந்தி இறந்ததைக் கண்டு, நோய்க்கு மருந்து காண்பதே தம் பணி எனத் துணிந்தார். பட்டம் பெற்ற பின்னும், பெண் என்ற காரணத்தால் ஆய்வுகூடக் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. பகலில் உயர்நிலைப் பாடசாலையில் இரசாயனமும் பௌதிகமும் கற்பித்து, இரவிலும் வார இறுதியிலும் ஆராய்ச்சி செய்து, 1941இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1944இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் என்பவரோடு பணியாற்றத் தொடங்கினார். ஆய்வு செய்து பெறும் கலாநிதிப் பட்டம் அவருக்கு இறுதிவரை வாய்க்கவில்லை. 1988இல் நோபல் பரிசு வாய்த்தது!

அவரும் ஹவார்ட் ஷேஃபர் முதலிய துணைவர்களும் 1970களில் உருவாக்கிய மருந்து அசைக்குளோவிர். உடலினுட் செல்லும்போது அஃது உறங்கும் மருந்தாகவே இருக்கின்றது. ஹெர்பீஸ் வைரசோ தன் பெருக்கத்தின் பொருட்டுத் தைமிடின் கைனேசு என்னும் நொதியத்தைச் செய்துகொள்கின்றது. அந்த நொதியமே மருந்தை முதலில் தட்டியெழுப்புகின்றது. நமது நொதியங்கள் அவ்வாறு எழுப்புவது மிக அரிது. விழித்த மருந்து, வைரசின் டி.என்.ஏ. சங்கிலியில் ஒரு கண்ணியாகப் புகுகின்றது. ஆனால் அடுத்த கண்ணியைக் கோக்க அதிற் கொளுக்கி இல்லை. சங்கிலி அங்கேயே அறுந்து நிற்கின்றது. கள்வன் தன் கையாலேயே தனக்கு விலங்கு பூட்டிக்கொள்கின்றான். நோயற்ற கலங்களிலோ மருந்து உறக்கம் கலையாமலே கிடந்து, பின் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறுகின்றது.

ஹெர்பீஸ் வைரசு மூளையைத் தாக்கினால், மருந்தில்லாத நிலையில் 100 பேரில் ஏறக்குறைய 70 பேர் மாண்டனர். அசைக்குளோவிர் வந்த பின் அந்த மரணங்கள் பெரிதும் குறைந்தன. கொப்புளிப்பான், அக்கி ஆகியவற்றுக்கும் இன்று வைத்தியர்கள் இதனைக் கொடுக்கின்றனர்.

அவ்வாறாயின் தடிமனுக்கும் இப்படியொன்று செய்யலாகாதா? ஒரு வைரசின் பூட்டுக்குச் செய்த திறப்பு மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. தடிமனைத் தருவனவோ பல குடும்பத்து வைரசுகள். அவற்றுள் ரைனோ வைரசு என்னும் ஓரினத்திலேயே 150க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. வேறொரு தடையும் இருக்கின்றது. தானாக மாறும் நோய்க்குக் கொடுக்கும் மருந்து சிறிதும் தீங்கற்றதாக இருத்தல் வேண்டும். பிளெக்கோனாரில் என்னும் மருந்து தடிமனின் காலத்தை ஏறக்குறைய ஒரு நாள் குறைத்தது. ஆயினும் கருத்தடை மாத்திரையின் வேலையை அது குலைக்கக்கூடும் எனக் கண்டபின், 2002இல் அமெரிக்க அதிகாரிகள் அதற்கு அனுமதி மறுத்தனர். ஒரு நாள் மூக்கடைப்பைத் தவிர்ப்பதற்கு அவ்வளவு விலை கொடுப்பது அறிவுடைமையாகுமா?

மருந்து வருவதற்குத் தாமதமாவது விஞ்ஞானிகளின் சோம்பலால் அன்று. நமது பொறுமையின்மையே பெருங்கேடு விளைவிக்கின்றது. பிள்ளைக்குத் தடிமன் என்றதும், சென்ற முறை மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசையைத் தேடும் வீடுகள் பல. வைரசுக்குக் கட்ட வேண்டிய சுவரே இல்லை. பெனிசிலின் அதை என்ன செய்யும்? ஆனால் உடலிலுள்ள பற்றீரியாக்களுள் அம்மருந்துக்கு அஞ்சாதவை எஞ்சிப் பெருகும். நாளை அதே பிள்ளைக்கு நியுமோனியா வரின், உயிர் காக்க வேண்டிய மருந்து கைகொடாமற் போகலாம்.

வைரசுக்கு மருந்துள்ள இடத்தில் காலம் தாழ்த்துவதும் பிழையே. அக்கிக்குக் கொப்புளம் தோன்றிய மூன்று நாட்களுக்குள்ளும், இன்புளுவென்சாவுக்குக் குணங்குறி கண்ட இரண்டு நாட்களுக்குள்ளும் மருந்து தொடங்கினாற்றான் நற்பயன் உண்டு. எனவே மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் தணியாவிட்டாலோ, சோர்வு மிகுந்தாலோ வைத்தியரை உடனே நாடுங்கள். வெறுந் தடிமனாயின் ஓய்வும் இளஞ்சூட்டுக் கஞ்சியும் போதும். “மருந்து வேண்டியதில்லை” என்று வைத்தியர் கூறினால் மனங்குறையாது வீடு திரும்புங்கள். அந்தச் சொல்லும் நல்ல வைத்தியமே.