தொடை உரசலும் மெடிக்கல் ஷாப் டியூபும்

இதை எழுதலாமான்னு நாலு பேர்கிட்ட கேட்டேன். மூணு பேர், "வேண்டாம் சார், ஃபேமிலியெல்லாம் படிக்கறாங்க"ன்னாங்க. ஃபேமிலி படிக்கறதாலதான் எழுதறேன்.

ஓடும்போதும் வேகமா நடக்கும்போதும் தொடையிடுக்கு, அக்குள், மார்க்காம்பு, ஜட்டி எலாஸ்டிக் பதியற இடம், இங்கெல்லாம் தோல் உரசிப் புண்ணாகுமே, அதைப் பத்தித்தான் இன்னிக்கு. முகம் சுளிக்கறவங்க இப்பவே கிளம்பிடலாம். ஆனா போறதுக்கு முன்னாடி வீட்ல மருந்து டப்பா எங்க இருக்குன்னு மட்டும் பார்த்து வெச்சுக்குங்க. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

2004-ல மும்பை மராத்தான் ஆரம்பிச்சதுலேர்ந்து நம்ம ஏரியாவுல ஓடறவங்க கூடிக்கிட்டேதான் போறாங்க. கிங்ஸ் சர்க்கிள் பாலத்துக்கு அடியில 2016-ல திறந்த நானாலால் மேத்தா பூங்கா, அங்கேர்ந்து ஃபைவ் கார்டன், பார்சி காலனி, தெம்பு இருந்தா சிவாஜி பார்க் வரைக்கும். காலையில அஞ்சரைக்கே கூட்டம். பேச்சுக்கும் குறைவில்லை. எந்த ஷூ, எத்தனை கிலோமீட்டர், வாட்ச்சுல நாடித்துடிப்பு எவ்வளவு, முடிச்சுட்டு எங்க இட்லி... எல்லாம் பேசறோம். காலை அகட்டி அகட்டி நடந்து வர்ற மனுஷனைப் பார்த்து மட்டும் யாரும் ஒண்ணும் கேக்கறதில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு மரியாதை. என் கோபமே அந்த மரியாதை மேலதான்.

நமக்குப் படிப்பு பி.காம்., பொழப்பு பேங்க். அதனால கணக்குலேர்ந்து ஆரம்பிப்போம். 21 கிலோமீட்டர் ஹாஃப் மராத்தானை நம்மள மாதிரி தொப்பைக்காரர் ரெண்டரை மணி நேரத்துல ஓடறார்னு வெச்சுக்குங்க. நிமிஷத்துக்கு 160 அடி. மொத்தம் 24,000 அடி. ஒவ்வொரு அடிக்கும் தொடை தொடையோட உரசுது, பனியன் மார்ல உரசுது. காய்ஞ்ச தோலைவிட ஈரத் தோல்ல உராய்வு அதிகம். மும்பை மழைக்காலத்துல வேர்வை எங்க காயுது? வழியத்தான் செய்யுது. ஜனவரி மராத்தானுக்கு நாம பயிற்சி ஆரம்பிக்கறதே அந்த ஜூலை, ஆகஸ்ட்லதான். கொஞ்சம் காத்தடிச்சு காய்ஞ்சாலும் தோல்மேல உப்பு தங்கிடும். தச்சு வேலைக்காரங்க சும்மாவா அதுக்கு உப்புத்தாள்னு பேர் வெச்சாங்க :-)

இதுல நம்ம வீட்டு வேதவாக்கு ரெண்டு. ஒண்ணு, "பருத்திதான் உடம்புக்கு நல்லது". அம்மா சொன்னது, மாமியார் இன்னமும் சொல்றது. தூங்க, ஆபீஸ் போக, வீட்ல இருக்க, நூத்துக்கு நூறு சரி. ஓட்டத்துக்குச் சரியே இல்லை. பருத்தி வேர்வையைக் குடிச்சு வெச்சுக்கும், லேசுல விடாது. கனக்கும், ஒட்டும், மடிப்பு விழும், அந்த மடிப்பு அறுக்கும். மராத்தான் அன்னிக்கு வெள்ளைக் காட்டன் டீ-ஷர்ட்ல மார்ல ரெண்டு சிவப்புக் கோடு வழிய ஓடி வர்றவரைப் பார்த்திருக்கீங்களா? சாயம் போகலை சார், ரத்தம் அது. திருப்பூர்லயே இப்ப பாலியெஸ்டர் விளையாட்டு உடுப்பு தைக்கறாங்க. நாம மட்டும் காட்டன் பனியனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடறோம்.

ரெண்டாவது, பவுடர். குழந்தை பிறந்ததுலேர்ந்து நம்ம வீட்ல எதுக்கும் பவுடர்தான். காய்ஞ்ச தோல்ல பத்து நிமிஷம் சுகமா இருக்கும். வேர்வை சேர்ந்ததும் பிசைஞ்ச மாவு மாதிரி திரண்டு, அந்தத் திரளே தனியா உரச ஆரம்பிக்கும்.

போகட்டும், இதெல்லாம் ரெண்டு மூணு நாள் எரிச்சல், தானா ஆறிடும். என் சண்டை அதுக்கப்புறம் நடக்கறதோட.

எரிச்சலோட நம்மாள் எங்க போறார்? நேரா மெடிக்கல் ஷாப். பக்கத்துல பொம்பளைங்க யாரும் நிக்கலையேன்னு பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தி, அரைகுறை இந்தியில, "அந்த இடத்துல அரிப்பு, ஏதாவது குடுங்க". கடைக்காரர் ஒரு கேள்வி கேக்கறதில்லை. ஒரு டியூப், கறுப்புக் கவர், முடிஞ்சுது வியாபாரம். மானம் காப்பாத்தப்பட்டது.

அந்த டியூப்புக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? பெரும்பாலும் மூணு நாலு மருந்து சேர்ந்த கலவை. பூஞ்சைக்கு ஒண்ணு, பாக்டீரியாவுக்கு ஒண்ணு, கூடவே ஒரு ஸ்டீராய்டு. பல சமயம் அது க்ளோபெட்டசால், தோல்ல தடவற ஸ்டீராய்டுகள்லயே ரொம்ப வீரியமான வகை. சாதாரண உரசல் புண்ணுக்கு இதுல ஒண்ணுகூடத் தேவையில்லை. ஆனா ஸ்டீராய்டு சிவப்பையும் எரிச்சலையும் மளமளன்னு அமுக்கிடும். "ஆஹா, என்ன மருந்து"ன்னு தோணும். பேங்க்காரன் பாஷையில சொன்னா ஓவர்டிராஃப்ட். கையில காசு இருக்கற மாதிரியே இருக்கும், வட்டி பாட்டுக்குப் பின்னாடி ஏறிக்கிட்டிருக்கும்.

அந்த இடத்துத் தோல் வேற மாதிரி. 1967-ல ஃபெல்ட்மேன், மைபாக்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தோல்ல தடவின ஸ்டீராய்டு எந்த இடத்துல எவ்வளவு உள்ள போகுதுன்னு அளந்தாங்க. முன்கையைவிட விதைப்பைத் தோல்ல 42 மடங்கு. நாப்பத்திரெண்டு! அங்க போய் வாரக்கணக்கா இதைத் தடவினா தோல் மெலிஞ்சு, பிரசவ வரி மாதிரி கோடு கோடா விழும். அந்த வரி அப்புறம் முழுசா மறையாது.

இன்னொரு சங்கதி. ஈரமான புண்ணான இடத்துல பூஞ்சை சுலபமா குடியேறும். ஊர்ல படைன்னு சொல்வோம், மும்பை நோட்டீஸ் பாஷையில 'தாத்'. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துல இதுக்கு 'தோபி இட்ச்'னு பேர் வெச்சு, துணி துவைச்சுப் போட்ட பாவப்பட்டவங்க தலையில பழியைத் தூக்கிப் போட்டான். ஸ்டீராய்டு அந்த இடத்துல உடம்போட எதிர்ப்பையே அடக்கிடுது. மேல சிவப்பு குறையும், அடியில பூஞ்சை நிம்மதியா பரவும். தடவறதை நிறுத்தினா முன்னைவிட மோசமா கிளம்பும். மறுபடி அதே கடை, அதே டியூப். நாள்பட நாள்பட, வழக்கமான வட்டப் படையோட உருவமே மாறிப்போய், அனுபவப்பட்ட டாக்டரே தடுமாற வேண்டியிருக்கு.

இதுக்கு நடுவுல ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியேன்னு ஒரு பூஞ்சைக்கு 2020-ல ஜப்பான்ல பேர் சூட்டினாங்க. பேர்லயே இந்தியா இருக்கு, பெருமைதான் போங்க. டெர்பினஃபின்னு சொல்ற வழக்கமான மருந்துக்கு இது பல பேர்கிட்ட மசியறதே இல்லை. 2023-ல நியூயார்க்லயும் ரெண்டு பேர்கிட்ட கண்டுபிடிச்சதா அமெரிக்க அரசு அறிவிச்சுது. இது இப்படித் தலையெடுத்ததுக்கு, இஷ்டத்துக்குத் தடவற கலவை க்ரீம்கள் ஒரு முக்கியக் காரணமா இருக்கணும்னு தோல் டாக்டர்கள் சொல்றாங்க.

எங்க கூட ஓடறவர் ஒருத்தர், பேர் வேண்டாம். ஆகஸ்ட்ல 15 கிலோமீட்டர் ஓடி உரசல். டியூப். ரெண்டு நாள்ல சரி. அடுத்த ஞாயிறு மறுபடி உரசல், மறுபடி டியூப். நவம்பர்ல இடுப்பைச் சுத்தி வட்டம் வட்டமா. டிசம்பர்ல மனைவிக்கு. அப்புறம் எட்டு வயசுப் பொண்ணுக்குக் கழுத்துல. ஒரே துண்டு, ஒரே வாளித் துணி, வேற என்ன ஆகும்? ஜனவரி மராத்தானுக்குக் கட்டின பணம் போச்சு. மூணு பேருக்கும் அஞ்சு மாசம் வைத்தியம். என்கிட்ட அவர் இதைச் சொன்னது அடுத்த ஜூன்ல! வாரத்துல நாலு நாள் தோளோட தோள் உரச ஓடற மனுஷன் சார். சிபில் ஸ்கோர் வரைக்கும் சொன்னவர், இதைச் சொல்லலை.

சட்டம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. தோல் மருத்துவர் சங்கம் வருஷக்கணக்கா கத்தின பிறகு, 2018-ல இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை 'ஷெட்யூல் எச்' கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வந்தாங்க. டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாது. அதே வருஷம் செப்டம்பர்ல மத்திய அரசு தடை செஞ்ச 328 கலவை மருந்துகள்லயும் இந்த ஜாதி க்ரீம்கள் இருந்தது. பேங்க்ல கையெழுத்து கொஞ்சம் மாறினாலே செக்கைத் திருப்பி அனுப்பறோம். அங்க கவுன்ட்டர்ல சீட்டே இல்லாம சரக்கு கைமாறுது. வாங்கறவனுக்கு வெட்கம், விக்கறவனுக்கு லாபம், யார் புகார் குடுப்பா?

"டாக்டர்கிட்ட போனா காட்டணுமே சார்"ங்கறீங்க. ஆமா, காட்டணும். பக்கத்துலயே சயான் ஆஸ்பத்திரி இருக்கு, கேஸ் பேப்பர் போட்டு தோல் பிரிவுல உட்காருங்க. அங்க இருக்கற டாக்டருக்கு உங்க தொடை ஒண்ணும் உலக அதிசயம் இல்லை. ஸ்டீராய்டே விஷம்னு நான் சொல்லலை. டாக்டர் பார்த்து, இந்த இடத்துல இத்தனை நாள்னு எழுதிக் குடுத்தா அது நல்ல மருந்து. பார்க்காமலே விக்கறதுதான் அநியாயம்.

இதை ஏதோ ஷூ வாங்க வசதி உள்ளவங்க பிரச்னைன்னு நினைச்சுடாதீங்க. தாராவியில தகரக் கூரைக்குக் கீழ நாள் பூரா தையல் மெஷின்ல உட்கார்ந்திருக்கற பையன், கைவண்டி இழுக்கறவர், பைக்ல சாப்பாடு கொண்டு போறவர், எல்லாருக்கும் இதே உரசல், இதே டியூப். பத்துக்குப் பத்து ரூம்ல ஆறு பேர். ஊர்லேர்ந்து வேலை தேடி வந்த மச்சானுக்கும் அதே டியூப். அவன் பொங்கலுக்குத் திருநெல்வேலி போகும்போது பையில ஒண்ணு.

பொம்பளைங்க பாடு இன்னும் மோசம். ஸ்போர்ட்ஸ் பிராவோட அடிப்பட்டை அறுக்கும். புடவையில நடக்கற மாமிகளுக்குப் பாவாடை நாடா ஒரு பக்கம், உள்ள தொடை ஒரு பக்கம். அவங்க கடையில கேக்கவே மாட்டாங்க. புருஷன் வாங்கிட்டு வர்றதுதான், இல்லேன்னா அவர் தடவின மிச்சம். 2024-ல 'பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்' இதழ்ல வார்தா, பீகார் டாக்டர்கள் ரெண்டு பேஷண்டுகளைப் பத்தி எழுதினாங்க. காலமெல்லாம் நாடா இறுக்கின இடுப்புல ஆறாத புண், கடைசியில தோல் புற்றுநோய். ரொம்ப ரொம்ப அபூர்வம், பயமுறுத்தச் சொல்லலை. நாடாவைத் தளர்த்திக் கட்டுங்க, பட்டையான நாடாவாப் போடுங்க, ஆறாத புண்ணை மறைக்காதீங்க. புடவையோ சுடிதாரோ, உள்ள தொடை வரைக்கும் வர்ற சைக்கிளிங் ஷார்ட்ஸ் போட்டா பாதிப் பிரச்னை தீர்ந்துது.

தடுக்கறதுக்கு வழி கேட்டா சிரிப்பீங்க. வாசலின். 1872-ல அமெரிக்காவுல காப்புரிமை வாங்கின பழைய சரக்கு, அண்ணாச்சி கடையில கிடைக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி, உரசற இடமெல்லாம் தாராளமா. தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், ஆனா சீக்கிரம் இறங்கிடும், நீளமான ஓட்டத்துக்குப் பத்தாது. வெளிநாட்டுக் குச்சி மாதிரி வர்றதும் இதே வழுக்கல் வித்தைதான், காசு இருந்தா வாங்குங்க. மார்க்காம்புக்கு மைக்ரோபோர் டேப் ஒரு துண்டு. தொடையை ஒட்டிப் பிடிக்கற பாலியெஸ்டர் ஷார்ட்ஸ், அதுக்குள்ள காட்டன் ஜட்டி வேண்டாம். தையல் தடிப்பா இருக்கான்னு விரலால தடவிப் பார்த்து வாங்குங்க. மராத்தான்ல குடுக்கற புது டீ-ஷர்ட்டை அன்னிக்கே போட்டுக்கிட்டு ஓடாதீங்க, அதுக்கு முன்னாடி நாலு தடவை சின்ன ஓட்டத்துல பழக்குங்க. வழியில தலையில தண்ணி ஊத்திக்கறவங்க அந்தத் தண்ணி எங்க இறங்கும்னும் யோசிக்கணும். முடிச்சதும் நனைஞ்ச துணியோட இட்லிக்கடை க்யூவுல நிக்காம, பையில ஒரு மாத்துத் துணி.

அப்பவும் உரசிடுச்சா? வெறும் தண்ணியில உப்பு போகக் கழுவி, தேய்க்காம ஒத்தி எடுத்து, மறுபடி வாசலின். டெட்டால் வேண்டாம். வீட்ல தொளதொளன்னு லுங்கியோ வேட்டியோ. மாமியார் சொன்ன பருத்திக்கு இதுதான் சரியான நேரம். ஆறற வரைக்கும் ஓட்டம் கிடையாது. எரிச்சலைவிட அரிப்பு அதிகமானா, ஓரம் தடிச்சு வட்டமா விரிஞ்சா, சீழ் வெச்சா, ஒரு வாரத்துல ஆறலேன்னா, டாக்டர்.

இப்ப அந்த மருந்து டப்பாவைத் திறங்க. டியூப்ல பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்க. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், இதுல ஒண்ணு இருந்தா ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாம வாங்கினது, ரொம்ப நாளா தடவறீங்கன்னா, திடீர்னு தூக்கிப் போட்டுட்டு இருந்துடாதீங்க. டியூப்பையும் கையோட எடுத்துக்கிட்டு தோல் டாக்டர்கிட்ட போங்க. எத்தனை மாசமா தடவறீங்கன்னு கேப்பார். குறைச்சுச் சொல்லாதீங்க.