மழைக்குச் சம்பளம் இல்லை என்றார்கள். மீட்டருக்கு மட்டும் சம்பளமா?



மாதக் கடைசி வந்துவிட்டால் தோட்ட ஆபீஸ் வாசலில் ஒரு சிறு கூட்டம் நிற்கும். வேலையில் இருப்பவர்கள் அல்லர். முப்பது, நாற்பது ஆண்டுகள் பால் வெட்டி ஓய்ந்தவர்கள். லயத்தை விட்டு வெளியேறிப் பக்கத்துத் தாமானில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருப்பவர்கள். மின்சார பில் மலாய் மொழியில் இருப்பதால், "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று நம்மிடம் கொண்டுவருகிறார்கள். கிராணிமார்களாகிய நமக்கு இது சம்பளமில்லாத வேலை. ஆனால் தட்ட முடியாத வேலை.

சென்ற மாதம் ஒரு மூதாட்டி கேட்டார்: "தம்பி கிராணி, மேலே போட்டிருக்கிற கரண்டு கணக்கு புரியுது. கீழே பத்து வெள்ளின்னு தனியா ஒண்ணு போட்டிருக்கே, அது யாரு எரிச்ச வெளக்கு?"

அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு விரிவாக எழுதுகிறோம்.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய மின் கட்டணம் நடப்புக்கு வந்தது. மாதம் 1,500 யூனிட்டுக்கு மேற்படாத வீட்டுக்கு மின் உற்பத்திக்கென்று யூனிட்டுக்கு 27.03 காசு. மின் நிலையங்களின் கொள்திறனுக்கு 4.55 காசு. கம்பி, கம்பம், துணை நிலையம் ஆகியவற்றுக்கு 12.85 காசு. குறைவாகப் பயன்படுத்துவோருக்கு இதில் ஒரு கழிவும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. இவையெல்லாம் யூனிட் கணக்கு. எரித்தால் கட்டணம், அணைத்தால் மிச்சம். இவற்றுக்கு அப்பால் 'சாஜ் பெருன்சித்தான்' என்று ஒரு வரி இருக்கிறது. மீட்டர் பார்க்க, பில் அடிக்க, வாடிக்கையாளரைக் கவனிக்க மாதம் 10 வெள்ளி. பாட்டி கேட்ட வரி அதுதான். விளக்கை அணைத்தாலும் விசிறியை நிறுத்தினாலும் அதில் ஒரு காசு குறையாது.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் என்ன? "நீங்கள் எவ்வளவு எரித்தாலும் எங்கள் செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்பது.

இந்த வாதத்தைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வருகிறது. நம் தாத்தாவும் அப்பாவும் இதே வாதத்தைத்தான் தோட்ட முதலாளிமார் முன்னால் வைத்தார்கள். விடியற்காலை மழை பிடித்துக்கொண்டால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து போகும். மங்கில் மழைத் தண்ணீர் விழுந்தால் பால் கெட்டது. அன்று வேலை இல்லை. வேலை இல்லாததால் சம்பளமும் இல்லை. "மழை பெய்தாலும் எங்கள் வீட்டு உலை கொதிக்க வேண்டுமே, எங்கள் செலவு நிற்காதே" என்று தொழிலாளி சொன்னபோது, வெட்டிய பாலுக்குத்தான் காசு என்று பதில் வந்தது. மாதச் சம்பளம் கேட்டு 1990-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் வரை போக வேண்டியிருந்தது. குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாகி, தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று நடப்புக்கு வர 2013 ஆயிற்று. தொழிலாளியின் வயிற்றுக்கு நிலையான செலவு உண்டு என்று ஒப்புக்கொள்ள அத்தனை காலம் பிடித்தது. மீட்டருக்கு நிலையான செலவு உண்டு என்பதற்கு மட்டும் எவரும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருக்கவில்லை!

"600 யூனிட்டுக்குள் எரிப்பவர்களுக்கு அந்தப் பத்து வெள்ளி கிடையாதே, பிறகென்ன?" என்று சிலர் கேட்பார்கள். உண்மை. 600 யூனிட்டும் அதற்குக் கீழும் இந்தக் கட்டணம் விலக்கப்பட்டிருக்கிறது. அது நல்ல காரியம். நல்லதை நல்லது என்றே சொல்வோம். ஆனால் அந்த விலக்கைக் கொடுத்தபோதே ஓர் உண்மையையும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பில் அடிக்கும் செலவு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான் என்றாலும், எல்லாரும் அதை ஒரே மாதிரி சுமக்க வேண்டியதில்லை என்பதே அந்த உண்மை. அப்படியானால் இனி வழக்கு ஒன்றே ஒன்று: வேலியை எங்கே போடுவது?

வேலியை மீட்டரில் போட்டிருக்கிறார்கள். மீட்டருக்கு ஆளைத் தெரியாது. அந்த மூதாட்டியின் வீட்டில் எட்டுப் பேர். மகன், மருமகள், பிள்ளைகள் நால்வர், கிழவர், இவர். இரண்டு அறை, ஒரு கூடம். ஐஸ் பெட்டி ஒன்று, துணி துவைக்கும் யந்திரம் ஒன்று, விசிறி நான்கு, கைக்குழந்தைக்காக வாங்கிய ஏர்கண்டிஷன் ஒன்று. சென்ற மாதம் 600-ஐக் கொஞ்சம் தாண்டிவிட்டது. 600 என்றால் சும்மா. 601 என்றால் முழுப் பத்து வெள்ளி. மறுபுறம், பட்டணத்தில் தனி ஆளாக 150 யூனிட் எரிக்கும் பெரிய சம்பளக்காரருக்கு விலக்கு உண்டு. வாரக் கடைசியில் மட்டும் திறக்கும் கடற்கரை பங்களாவுக்கும், 600-ஐத் தாண்டாத வரை, விலக்கு உண்டு. எட்டுப் பேர் கூடி வாழும் ஏழை வீட்டுக்கு இல்லை. பெற்றோரைத் தனியே விடாமல் கூட வைத்துக்கொண்டதற்கு இது அபராதமா?

இதில் கால நேரமும் நமக்கு எதிராக நிற்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும், வெட்டுகிற மகனின் வரும்படியும் அதோடு இறங்கும். அதே மாதங்களில்தான் வெயில் கொளுத்தும், விசிறி இரவு பகலாய்ச் சுழலும், மீட்டர் 600-ஐ நோக்கி ஓடும்.

பத்து வெள்ளி ஒரு காசா என்பவர்களுக்கு: தோட்டத்தில் ஓய்ந்தவனுக்கு அரசாங்க ஊழியர் போல மாதாமாதம் பென்சன் கிடையாது. சேமநிதியில் வந்தது வீட்டு முன்பணத்துக்கும் மகள் கல்யாணத்துக்கும் போயிற்று. ஆதரவற்ற முதியோருக்கான சமூக நல உதவித் தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 500-இலிருந்து 600 வெள்ளியாக உயர்ந்தது. ஆண்டுக்கு 120 வெள்ளி என்பது அந்த ஒரு மாத உதவியில் ஐந்தில் ஒரு பங்கு.

இந்தப் பத்து பத்தாகவே நிற்கும் என்பதற்கும் உறுதி ஏது? நம் தோட்டங்கள் பலவற்றை ஒரு காலத்தில் லண்டனிலிருந்து ஆண்ட துரைமார் நாட்டைப் பாருங்கள். அங்கே இதற்கு 'ஸ்டாண்டிங் சார்ஜ்' என்று பெயர். 2021-இல் எரிவாயு விலை ஏறியபோது இருபதுக்கும் மேற்பட்ட விற்பனைக் கம்பெனிகள் கவிழ்ந்தன. அவற்றின் வாடிக்கையாளரை வேறு கம்பெனிகளிடம் சேர்த்த செலவு எல்லாருடைய நிலைக்கட்டணத்திலும் ஏறியது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை அது சராசரியாக நாளொன்றுக்கு மின்சாரத்துக்கு ஏறத்தாழ 54 பென்ஸ், எரிவாயுவுக்கு 33 பென்ஸ். அந்த விகிதத்தில் ஆண்டுக்கு 300 பவுனுக்கு மேல், ஓர் அடுப்பும் மூட்டாமலே! குளிருக்குப் பயந்து ஒரே அறையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கிடக்கும் கிழவருக்கும் அதே தொகை, மாளிகைக்காரருக்கும் அதே தொகை. எரிவாயுவை முன்பணம் போட்டு வாங்கும் ஏழைக்குக் கோடையில் அடுப்பே எரியாவிட்டாலும் மீட்டரில் கடன் ஏறிக்கொண்டிருக்கும்.

ஆகவே நிலைக்கட்டணத்தை அடியோடு எடுத்து யூனிட்டில் ஏற்றிவிடலாமா? அப்படிச் சொல்ல நமக்கு ஆசைதான். ஆனால் மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன் யந்திரம் வைத்திருக்கும் முதியவரின் வீட்டில் யூனிட் குறையாது. யூனிட் விலை ஏறினால் முதல் அடி அவருக்கே விழும். எனவே நாம் கேட்பது வேறு. அறுபது வயதைக் கடந்த, பென்சன் இல்லாத முதியவர் வாழும் வீட்டுக்கு, யூனிட் எத்தனை ஆனாலும் இந்தப் பத்து வெள்ளியை விலக்க வேண்டும். 600 என்ற வேலியை வீட்டிலுள்ள தலைக்கட்டுக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

இன்றைய கட்டண ஏற்பாடு 2027 முடிய உள்ள காலத்துக்கு வகுக்கப்பட்டது. அடுத்த கணக்கை அதற்குள் எழுதத் தொடங்கிவிடுவார்கள். எழுதி முடித்த பிறகு போய் நின்று பயனில்லை.

கிளை உறுப்பினர்கள் இந்த மாத பில்லைப் பாருங்கள். 'சாஜ் பெருன்சித்தான்' என்ற வரியில் 10.00 என்று இருந்தால், பின்புறத்தில் வீட்டில் எத்தனை பேர், அவர்களில் அறுபது கடந்தவர் எத்தனை பேர் என்று எழுதி, நகல் ஒன்றைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பெரட்டு முடிந்ததும் ஆபீஸ் வாசலுக்கு வாருங்கள். நாங்கள் எழுதித் தருகிறோம்.