பழைய விளையாட்டும் புதிய கணனியும்



இந்த மாதம் கணனி விளையாட்டு பற்றி எழுதுகிறேன் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். வீட்டுப்பாடு ஆயிரம் இருக்க விளையாட்டு எதற்கு என்று நீங்கள் கேட்பதும் நியாயமே. ஒரு அக்கா எங்களைத் தேடி வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வவுனியாப் பக்கத்தைச் சேர்ந்தவர் அவர். பழைய சேலைத் துணியில் சுற்றிய கணனிப் பெட்டியொன்றுடன் ஓட்டோவில் வந்து இறங்கினார். 2002இல் அவரது தம்பி சீட்டுக் காசில் வாங்கிய, ஏற்கெனவே யாரோ பாவித்த கணனி அது. 2007இல் ஒருநாள் வேலைக்குப் போன தம்பி திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து பெட்டி அலுமாரிக்கு மேலே இருந்திருக்கிறது.

"தங்கச்சி, அவன் இதில ஒரு ராசகுமாரன் விளையாட்டு விளையாடுறவன். அதை ஒருக்கா ஓடவிட்டுப் பாக்கேலுமோ? கடைக்காரப் பெடியன் சொல்றான், பெட்டியை எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கட்டாம், விளையாட்டை இன்டர்நெற்றில எடுக்கலாமாம்."

ராசகுமாரன் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா'. அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர் உருவாக்கி 1989இல் வெளிவந்தது. 60 நிமிடத்துக்குள் நிலவறையிலிருந்து தப்பி இளவரசியை மீட்க வேண்டும். அந்த இளைஞனின் ஓட்டமும் பாய்ச்சலும் உண்மை மனிதருடையவை போல இருக்கும். காரணம் உண்டு. 1985இல் மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் பாயவும் விட்டு வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு படமாகப் பார்த்துத்தான் வரைந்தார். இதைச் சொன்னதும் அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அதுவும் ஒரு தம்பிதான்" என்றார்.

நான் படித்தது சமூகவியல். கணனியின் உள்வேலை எனக்குத் தெரியாது. கணனி திருத்தும் நண்பி ஒருவரை அழைத்தேன். மின்வழங்கி செத்துப்போயிருந்தது, வன்தட்டில் உயிர் இருந்தது. அதைக் கழற்றி ஒரு யூஎஸ்பி மாற்றி மூலம் எங்கள் மடிக்கணனியில் கொழுவினார். விளையாட்டின் கோப்புறை அப்படியே இருந்தது. ஆனால் அழுத்தியதும், இந்த நிரல் இக்கணனியில் இயங்காது என்ற அறிவித்தல்தான் வந்தது.

அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. பழுதாய்ப் போய்விட்டது என்றே நினைத்தார். அப்படியில்லை. அக்காலத்து விளையாட்டுகள் டொஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதப்பட்டவை. வின்டோஸ் 95, 98 இரண்டிலும் அடியில் டொஸ் இருந்ததால் அவை ஓடின. 2001இல் வந்த எக்ஸ்பியின் அத்திவாரம் வேறு. அதில் சில ஓடும், சிலவற்றில் சத்தம் வராது. 64 பிட் வின்டோஸில் பழைய 16 பிட் நிரல்களுக்கு இடமேயில்லை. 2021இல் வெளிவந்த வின்டோஸ் 11 அந்த 64 பிட் வகையில் மட்டும்தான் கிடைக்கிறது. மண்ணெண்ணெய் அடுப்பின் திரியைக் காஸ் அடுப்பில் கொழுவப் பார்ப்பது போன்ற கதை. திரியில் ஒரு பிழையுமில்லை.

இதற்கு வழி டொஸ்பொக்ஸ். 2002 முதல் கிடைக்கும் இலவச மென்பொருள் இது. புதிய கணனிக்குள்ளே ஒரு பழைய கணனி இருப்பதுபோலப் பாவனை செய்யும். அதை நிறுவிவிட்டு, விளையாட்டைத் தொடக்கும் கோப்பை எலியால் இழுத்து டொஸ்பொக்ஸின் சின்னத்தின் மேல் போட்டால் போதும். சில விளையாட்டுகள் மிக மெதுவாக ஓடலாம். கொன்ட்ரோல் விசையுடன் எஃப் 12ஐ அழுத்தினால் வேகம் கூடும், எஃப் 11 என்றால் குறையும். உங்கள் பிள்ளைகள் எக்ஸ்பி காலத்தில் விளையாடியவற்றுக்கு இது தேவைப்படாது. கோப்பின் மேல் வலது பக்க விசையை அழுத்தி, அதன் பண்புகளில் பழைய வின்டோஸுக்கான இசைவு முறையைத் தெரிவுசெய்து பாருங்கள். பல சரிவரும், எல்லாம் அல்ல.

கடைக்காரப் பெடியன் சொன்னதுபோல விளையாட்டை வேறெங்காவது எடுத்திருந்தாலும் ராசகுமாரன் ஓடியிருப்பான். ஆனால் இந்தக் கோப்புறையில் எச், ஓ, எஃப் என்ற மூன்று எழுத்தில் முடியும் ஒரு சிறு கோப்பு இருந்தது. விளையாட்டை முடித்தவர் தன் பெயரைத் தட்டச்சுச் செய்யலாம். பெயரும் மிச்சமிருந்த நேரமும் அதில் பதியப்படும். நண்பிக்கு இது தெரிந்திருந்தது. தொடக்கக் காட்சியில் எந்த விசையையும் அழுத்தாமல் காத்திருங்கள் என்றார். கதை ஓடி முடிந்தது. பட்டியல் வந்தது. முதல் வரியில் தம்பியின் பெயர். முழுப் பெயரல்ல, வீட்டில் கூப்பிடும் பெயர்.

எந்த இணையத்திலும் அந்த வரி கிடைக்காது. பழைய கணனியைத் திருத்தக் கொடுக்குமுன் இதை நினைவில் வைத்திருங்கள். துடைத்துவிட்டுப் புதிதாய்ப் போட்டுத் தருகிறேன் என்று கடையில் சொன்னால், முதலில் கோப்புறைகளை முழுதாகப் பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள். விளையாட்டை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டாம், பெயர் தெரியாத சின்னஞ்சிறு கோப்புகளும் வரட்டும். நெகிழ்தட்டுகள் கிடந்தாலும் எறியாதீர்கள். மெக்னரே தன் விளையாட்டின் மூல நிரலைத் தொலைத்துவிட்டதாக எண்ணியிருந்தார். 2012இல் அவருடைய தந்தை வீட்டில் ஒரு பெட்டிக்குள் இருந்து அந்த நெகிழ்தட்டுகளைக் கண்டெடுத்தார். இருபது வருடத்துக்கு மேலாகியும், தெரிந்தவர்களின் உதவியோடு அவற்றைப் படிக்க முடிந்தது.

அக்காவின் மகளுக்குப் பதினைந்து வயது. மாமாவைப் படத்தில் மட்டும் கண்டவள். தானும் விளையாட வேண்டும் என்று விசைப்பலகையை எடுத்தாள். முதலாவது குழியிலேயே ராசகுமாரன் விழுந்து செத்தான். அக்கா வாய்விட்டுச் சிரித்தார், "கொம்மானும் முதல் கிழமை முழுக்க இப்பிடித்தான் விழுந்தவன்" என்றார்.

அந்தப் பட்டியலில் கொஞ்சப் பெயருக்குத்தான் இடமுண்டு. கூடிய நேரம் மிச்சம் பிடித்தவர்கள் வந்தால் மற்றவர்கள் கீழே தள்ளுப்பட்டு, கடைசியில் விழுந்துபோவார்கள். ஆகவே நண்பி கோப்புறையை இரண்டாகப் பிரதி எடுத்தார். ஒன்று மகள் விளையாட. மற்றதைத் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அக்கா அதைக் கைக்குட்டையில் முடிந்து கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வெறும் பெட்டியையும் விடவில்லை, அதே சேலைத் துணியில் சுற்றி ஓட்டோவில் ஏற்றினார்.