டிராக்டர் விலை யார் கையில்? வெண்ணந்தூர் உழவனின் வாடகைக் கணக்கு



"நமக்கென்னங்க, நாம என்ன டிராக்டரா வாங்கப் போறோம்?" வெண்ணந்தூர் பக்கம் ரெண்டு ஏக்கர் காடு வெச்சிருக்கிறவர்கிட்ட டிராக்டர் விலையைப் பேசினா, பெரும்பாலும் இதுதான் பதில். வாங்கப் போறதில்லை, சரி. ஆனா உழவுக்கு மணிக்கணக்குல வாடகை கொடுக்கிறாரே! அந்த வாடகைக்குள்ளதான் டிராக்டரோட விலை, அதுக்கான வட்டி, டயர், கிளட்ச் பிளேட், டீசல் எல்லாமே உட்கார்ந்திருக்கு. சாவி வேற ஒருத்தர் கையில இருந்தாலும் தவணையில ஒரு பங்கு நம்ம காட்டிலிருந்துதான் போகுது.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. ரெண்டு ஏக்கர்கூட முழுசா இல்லை. இந்த நிலத்தை நம்பி யாராலும் சொந்த டிராக்டர் வாங்க முடியாது. ஏர் மாடு கட்டி உழுத காலமும் போச்சு. நிலக்கடலை, சோளம், குச்சிக்கிழங்கு எதுவானாலும் மழை பெஞ்ச ஈரம் காயறதுக்குள்ள உழவு ஓட்டியாகணும். அந்த நாலஞ்சு நாள்ல ஊரே ஒரே வண்டிக்கு நிக்கும். சொன்ன வாடகையைக் கொடுத்தாத்தான் வண்டி வரும், இல்லேன்னா பருவம் போயிடும். பேரம் பேச அங்கே நேரமே இல்லை.

இதுக்காக டிராக்டர் வெச்சிருக்கிறவரைத் திட்டிப் புண்ணியமில்லை. அவரும் நம்ம ஊர்க்காரர்தான், மாசம் தவறாம தவணை கட்டறவர். அவரைக் கசக்கறது யாருன்னு பார்க்கணும்.

நம்ம நாட்டுல வருஷத்துக்கு 9 லட்சத்துக்கு மேல டிராக்டர் விற்குது. எண்ணிக்கையில உலகத்திலேயே பெரிய சந்தை நம்மதுதான். ஆனா அதுல பத்து வண்டிக்கு ஏறக்குறைய ஒன்பது, ஐந்தே குழுமங்களோடது. மஹிந்திரா மட்டும் பத்துக்கு நாலுக்கு மேல. ஷோரூம்ல பெயர் நிறைய தெரியும், கலர் கலரா வண்டி நிற்கும். ஸ்வராஜ் தனி, மஹிந்திரா தனின்னு நினைச்சு ரெண்டு கடையில விலை விசாரிக்கிறோம். ரெண்டும் ஒரே முதலாளி. மாஸ்ஸி ஃபெர்குசனும் ஐஷரும் அப்படித்தான், ரெண்டுமே டாஃபே.

இது ஒரே நாள்ல நடந்ததில்லை. ஸ்வராஜ் டிராக்டரின் கதையைப் பாருங்க. துர்காபூரில் இருக்கும் அரசு ஆய்வு நிலையமான மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்த வண்டி அது. வெளிநாட்டு உரிமம் வாங்காம நம்ம பொறியாளர்களே செஞ்சது. அதைத் தயாரிக்க பஞ்சாப் மாநில அரசே முன்நின்று 1970-ல் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. பிறகு அரசின் பங்குகள் விற்கப்பட்டு, கை மாறி, 2007-ல் மஹிந்திரா வசம் போய்ச் சேர்ந்தது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2005-ல், ஐஷர் டிராக்டர் டாஃபேவுக்குப் போயிருந்தது. பொதுத்துறை எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட 2016-ல் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. 2022-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தில் ஜப்பானின் குபோட்டா கூட்டு உரிமையாளராகி, பெயரே எஸ்கார்ட்ஸ் குபோட்டா ஆனது.

ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கினா போட்டி குறையுமான்னு முன்கூட்டியே பரிசோதிக்கிற அதிகாரம் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு நடைமுறைக்கு வந்ததே 2011 ஜூன் 1-ல்தான். ஐஷரும் ஸ்வராஜும் கை மாறினப்போ அந்தக் கதவுக்குக் காவலே இல்லை.

டாஃபே நம்ம சென்னை நிறுவனம், 1960-லிருந்து இருக்கு. அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனத்தோட மல்லுக்கட்டி, 2025-ல் மாஸ்ஸி ஃபெர்குசன் பெயரை இந்தியாவுக்குத் தன் சொந்தமாக்கிக் கொண்டது. சந்தோஷம்தான், மறுக்கலை. ஆனா முதலாளி சென்னையா மும்பையாங்கிறதை வெச்சு நம்ம ஊர் உழவு வாடகை குறையறதில்லையே.

"இரும்பு விலை ஏறிடுச்சு, புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துடுச்சு" என்பது கம்பெனிகளின் பதில். பாதி உண்மை. டிராக்டருக்கான புதிய புகை விதி 2023 ஜனவரியில் வந்தது 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான். நம்ம பக்கம் காட்டில் ஓடுவதில் பெரும்பாலானவை அதுக்குக் கீழே. அதுங்க விலை ஏறுறதுக்கு அந்த விதியைக் காரணம் காட்ட முடியாது.

சரி, வரி குறைஞ்சதே? 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம். டிராக்டர் டயருக்கும் பல உதிரி பாகங்களுக்கும் 18-லிருந்து 5. வரவேற்கிறோம். 45 குதிரைத்திறன் வண்டிக்கு 45,000 ரூபாய் குறையும்னு ஒன்றிய வேளாண் அமைச்சர் சொன்னார். அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டா பழைய விலை 7,20,000, புது விலை 6,75,000. இனிமே கம்பெனி வருஷத்துக்கு வெறும் 2 சதவீதம் ஏத்தினாலும் நாலாவது வருஷம் பழைய விலையைத் தாண்டிடும். அரசு விட்டுக்கொடுத்த வரி, யாருக்கும் சத்தம் கேட்காம கம்பெனி கணக்குல சேர்ந்துடும்.

ஏத்தினா யார்கிட்ட புகார் சொல்றது? வரிக் குறைப்பை வாங்குறவருக்குக் கொடுக்காம அமுக்கறதைத் தடுக்க ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. 2025 ஏப்ரல் 1-க்குப் பிறகு அதில் புதுப் புகார் வாங்குவதையே நிறுத்திட்டாங்க. ஏப்ரலில் காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிட்டு செப்டம்பரில் களஞ்சியத்தைத் திறந்த கதை. இப்போ இருப்பது 1915 நுகர்வோர் உதவி எண் மட்டும்தான்.

டீசலை ஜி.எஸ்.டி.க்குள்ளேயே கொண்டுவரலை. அதில் ஒன்றிய அரசின் வரியும் இருக்கு, மாநில அரசின் வரியும் இருக்கு. ரெண்டு பேரும் பதில் சொல்லணும்.

அடுத்தது ரிப்பேர். இதுதான் நமக்கு இன்னும் நெருக்கமான விஷயம். இந்தியா முழுக்க ஓடுற போர்வெல் ரிக் வண்டிக்குப் பேர் போன ஊர் திருச்செங்கோடு. லாரி பாடி கட்ட நாமக்கல். லேத்தும் வெல்டிங்கும் தெரிஞ்ச கைக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. ஆனா இப்போ வர்ற பெரிய வண்டிகளில் எஞ்சினையே கம்ப்யூட்டர்தான் ஓட்டுது. கோளாறு எங்கேன்னு பார்க்கிற கருவியும் மென்பொருளும் கம்பெனி சர்வீஸ் ஆள்கிட்ட மட்டும் இருந்தா, ரிக்கையே பிரிச்சுப் போடுற மெக்கானிக்கும் கை கட்டித்தான் நிக்கணும். உழவு நாள்ல வண்டி ரெண்டு நாள் நின்னா அந்த ஊர் ஈரமும் காய்ஞ்சிடும்.

அமெரிக்காவில் இதே சண்டை நடக்குது. கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாயிக்குத் தன் இயந்திரத்தைத் தானே பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் ஜான் டீர் நிறுவனத்தின் மேல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டது. நம்ம நாட்டில்? 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் துறை இதுக்குக் குழு போட்டு, நாலு துறைகளைக் குறிச்சது. அதில் விவசாயக் கருவிகளும் ஒண்ணு. ஒரு இணையதளம் திறந்தாங்க. 2025-ல் கைபேசிக்கும் மின்னணு சாதனத்துக்கும் அறிக்கை வந்துடுச்சு. டிராக்டர் இன்னும் வரிசையில நிக்குது. கைபேசி ரெண்டு நாள் ஓடலைன்னா தூக்கம் வராது, அவ்வளவுதான். டிராக்டர் ஓடலைன்னா விதை மண்ணுக்குள்ள போகாது.

மானியம் இருக்கேன்னு கேட்பீங்க. சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீதம் வரை, மத்தவங்களுக்கு 40 வரை, உச்சவரம்போட. நல்ல திட்டம்தான். ஆனா விற்கிறவன் நாலஞ்சு பேராகவும் வாங்குறவன் லட்சம் பேராகவும் இருக்கிற சந்தையில், மானியத்தில் ஒரு பகுதி விலைக்குள்ளேயே கரைஞ்சு போகும் என்பது நம் கருத்து. அதனால தனித்தனி ஆளுக்கு வண்டி வாங்கித் தருவதைவிட, வேளாண்மைப் பொறியியல் துறையிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் வாடகை வண்டிகளைப் பெருக்குவதுதான் ரெண்டு ஏக்கர்காரருக்கு நேரடியாப் பயன்படும். பருவ நாளில் உழவன் செயலியில் பதிவு செஞ்சா, அந்த ஈரம் காயறதுக்குள்ள வண்டி வரணும். அரசு வண்டி ஊருக்குள் ஓடினாலே தனியார் வாடகையும் தானா ஒரு நிதானத்துக்கு வரும். கேரளத்தில் அரசு நிறுவனமான காம்கோ 1973-லிருந்து பவர் டில்லர் செஞ்சு விற்குது. அங்கே முடியுது.

வெண்ணந்தூர் ஒன்றியத்துத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த கிராம சபையில் மூணு தீர்மானம் எழுதிக் கொடுங்க. ஒண்ணு, பருவத்துக்கு முன்னாடியே அரசு வாடகை வண்டி ஒதுக்கணும். ரெண்டு, பழுது பார்க்கும் கருவியும் உதிரி பாகமும் உள்ளூர் மெக்கானிக்குக் கிடைக்கச் சட்டம் வரணும். மூணு, வரி குறைஞ்ச பிறகு டிராக்டர் விலை எப்படி நகருதுன்னு போட்டி ஆணையம் விசாரிக்கணும். வாயால சொல்லிட்டு வந்துடாதீங்க. தீர்மானப் புத்தகத்தில் ஏறினதைக் கண்ணால பார்த்துட்டு வாங்க.

உங்க ஊரில் போன வருஷம் உழவுக்கு மணிக்கு என்ன வாடகை, இந்த வருஷம் என்ன? ஊர் பெயரோட கீழே எழுதுங்க. அந்தக் கணக்கை மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நாமே கொண்டுபோய் வைப்போம்.

#உழவு_வாடகை #பழுதுநீக்கும்_உரிமை