ஆம்பர்சாண்டைத் தேடுபவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்?

பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய ‘தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்’ நூலின் இரண்டாம் பதிப்பு 1988இல் வெளிவந்தது. அதன் கடைசியில் உள்ள சொல்லடைவைத் திறந்தால், ஆங்கில எழுத்துகள் தொடங்கும் முன்பே குறிகள் வரிசைகட்டி நிற்கின்றன. பூஜ்ஜியத்தில் தொடங்கும் பதிவுகளைத் தாண்டினால் முதலில் +, அடுத்து ஆம்பர்சாண்ட் எனப்படும் &, அதற்கடுத்து =. இது என்ன வரிசை? விசைப்பலகையில் இப்படி இல்லை. கணினியின் ஆஸ்கி எண்களிலும் இப்படி இல்லை. அங்கே & 38, + 43, = 61.

விடை, குறிக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் பெயரில் இருக்கிறது. அடிஷன், அட்ரஸ், அசைன்மென்ட். குறிகளை அவை செய்யும் வேலையின் பெயரால் ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். & குறிக்கு சி மொழியில் இரண்டு வேலை உண்டு என்பதால், முகவரிக்கு ஒரு முறையும் பிட் கணக்குக்கு இன்னொரு முறையுமாக அது இரண்டு இடத்தில் வருகிறது. குறி தெரிந்து பெயர் தெரியாதவர் முன்பக்கத்தில் தேடலாம். பெயர் மட்டும் தெரிந்தவருக்காக, கூட்டல் குறி ‘ஏ’ எழுத்தின் கீழ் மறுபடியும் இருக்கிறது.

இன்றைய மென்பொருள் கையேடுகளில் இந்த அக்கறை அரிதாகிவிட்டது. சொல்லடைவு என்பது கருவி தானாகத் துப்பும் பட்டியல் என்ற நினைப்பே அதற்குக் காரணம். எழுத்துகளைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் ஒருமாதிரி ஒப்பேறிவிடும். குறிகளிடம் வரும்போதுதான் சாயம் வெளுக்கிறது.

ஏனென்றால் குறிகளுக்கு இயற்கையான வரிசை என்று ஒன்று கிடையாது. ஆஸ்கியில் அண்டர்ஸ்கோரின் எண் 95. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 90இல் முடிகின்றன, சிறிய எழுத்துகள் 97இல் தொடங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே அது திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. ஐபிஎம் பெருங்கணினிகளின் எப்சிடிக் முறையிலோ சிறிய எழுத்துகள் முதலில், பெரியவை பிறகு, எண்கள் கடைசியில். எந்தக் கணினியில் அடுக்கினார்கள் என்பதைப் பொறுத்து ஒரே புத்தகத்தின் சொல்லடைவு மாறிவிடும். வாசகருக்கு இந்த எண்கள் ஏன் தெரிந்திருக்க வேண்டும்?

சரி, குறிகளைக் கண்டுகொள்ளாமல் எழுத்துகளை மட்டும் பார்த்து அடுக்கலாம் என்றால் அதிலும் வில்லங்கம். யூனிகோடு வகுத்துள்ள அடுக்கல் முறையில் நிறுத்தக்குறிகளைக் கணக்கில் எடுக்கவும் விடவும் வழி உண்டு. அவற்றோடு மற்ற குறிகளையும் விட்டுவிட்டால் சி, சி++, சி# என்ற மூன்று மொழிகளும் ஒரே ‘சி’ ஆகிவிடும். இணைய முகவரியில் # வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது பக்கத்துக்குள் ஓர் இடத்தைக் காட்டும் குறிப்பு என்று உலாவி எடுத்துக்கொள்ளும். விக்கிப்பீடியாவும் கட்டுரைத் தலைப்பில் # குறியை ஏற்பதில்லை. அதனால் ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த மொழி ‘சி ஷார்ப்’ என்று எழுத்தால் எழுதப்பட்டே உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு நம்மூர் வழக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. தொலைபேசி விவரத் தொகுப்பு புழக்கத்தில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். எம். முருகேசனை ‘மு’வில் தேடுவோமே தவிர, இனிஷியலில் தேட மாட்டோம். ஊரில் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் இனிஷியல் பொது, ஆளைக் காட்டுவது பெயர். டொனால்ட் குனூத் 1984இல் வெளியிட்ட ‘தி டெக்புக்’ இதைத்தான் செய்தது. நூல்களை அச்சுக்கோக்கப் பயன்படும் டெக் மொழியில் கட்டளைகள் பேக்ஸ்லாஷில் தொடங்குகின்றன. அந்தக் கோட்டை மதித்து அடுக்கியிருந்தால் கட்டளைகள் எல்லாம் ஒரே மூட்டையில் போய் விழுந்திருக்கும். சொல்லடைவில் அந்தக் கோடு அச்சாகிறது, ஆனால் வரிசைக்குக் கணக்கில்லை. பெர்ல் மொழி மாறிகளின் முன்னால் நிற்கும் டாலர் குறிக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆனால் குறியே முழுப் பெயராக நிற்கும் இடத்தில் அதைக் கழற்றினால் மிச்சம் ஒன்றும் இல்லை. அங்கே அதற்குத் தனி இடம் கொடுத்தே ஆகவேண்டும். இந்த வேறுபாட்டைக் கருவி அறியாது. யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்தில் குறிகளுக்கு ஒரு தலைப்பும் அண்டர்ஸ்கோருக்கு ஒரு தனித் தலைப்பும் இருக்கின்றன. முன்னும் பின்னும் இரண்டிரண்டு கோடு போட்ட ‘இனிட்’ போன்ற பெயர்கள் அந்த இரண்டாவது தலைப்பின் கீழ் குவிந்து கிடக்கின்றன. கோட்டோடு கண்ணில் பட்டதைக் கோட்டோடு தேடுபவருக்குச் சரி. ‘இனிட்’ என்று வகுப்பில் காதால் கேட்டு வந்தவருக்கு ‘ஐ’ எழுத்தின் கீழும் ஒரு வரி வைத்திருக்கலாம்.

சொல்லடைவு தயாரிக்கும் கருவிகளே குறிகளிடம் சிக்கிக்கொள்வது தனி வேடிக்கை. டெக்கின் வழிவந்த லாடெக்கில் எழுதுபவர்கள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தும் மேக்இண்டெக்ஸில் ஆச்சரியக்குறி என்றால் துணைப்பதிவு, @ என்றால் அச்சாகவேண்டிய வடிவம், நெட்டுக்கோடு என்றால் பக்க எண்ணின் அச்சுநடை. ஆச்சரியக்குறியையே ஒரு பதிவாக வைக்க நினைத்தால், கருவி அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு பதிவை இரண்டாக வெட்டிவிடும். தப்பிக்க முன்னால் ஓர் இரட்டை மேற்கோள்குறி போட வேண்டும். அந்த மேற்கோள்குறியைப் பதிவு செய்ய? அதையே இரண்டு முறை போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தேடுபொறி இருக்கும்போது சொல்லடைவு எதற்கு என்று கேட்பவர்கள், ஒரு நட்சத்திரக் குறியைத் தேடிப் பார்க்கட்டும். பொதுத் தேடுபொறிகள் பெரும்பாலும் நிறுத்தக்குறிகளை உதறிவிடுகின்றன. கையேட்டுப் பக்கத்துக்குள்ளேயே தேடினால் நூறு இடத்தில் மஞ்சள் பூசிக் காட்டும், விளக்கம் எந்த இடத்தில் என்று சொல்லாது. செயற்குறிகள் மலிந்த ஹாஸ்கெல் மொழிக்காரர்கள், அவற்றையும் தேடித் தரும் ஹூகுள் என்ற தனிப் பொறியையே வைத்திருக்கிறார்கள்.

தமிழில் கையேடு எழுதும்போது சிக்கல் குறிகளோடு நிற்பதில்லை. அழைப்பு, அளவுரு, அறிவிப்பு, அனுமதி என்று நான்கு கலைச்சொற்கள். தமிழ் அகரவரிசை இதுதான்: ழ, ள, ற, ன. யூனிகோடு எண்ணை மட்டும் பார்க்கும் மென்பொருள் இவற்றை அனுமதி, அறிவிப்பு, அளவுரு, அழைப்பு என்று அப்படியே தலைகீழாகத் தரும். யூனிகோடு எண்வரிசையில் ன எழுத்து ந எழுத்துக்கு அடுத்தும், ற எழுத்து ர எழுத்துக்கு அடுத்தும் இருக்கின்றன. புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால், ‘பகுதி’க்கு முன்னால் வரவேண்டிய ‘பக்கம்’ பின்னால் போய்விடும். முறையான தமிழ் வரிசை யூனிகோடு கூட்டமைப்பின் மொழித்தரவுத் தொகுப்பில் இருக்கத்தான் செய்கிறது. கேட்டால் கொடுக்கும். கேட்காமலே அச்சுக்கு அனுப்புகிறோம்.

மொழிபெயர்ப்பவருக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. கெர்னிகன், ரிச்சி வரிசையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. கூட்டல், மதிப்பிருத்தல், முகவரி என்று பெயர்கள் மாறும்போது +, =, & என்று குறிகளும் இடம் மாறவேண்டும். தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் கற்பிக்கிறார்கள். அங்கே தமிழ்வழியில் படிக்கும் மாணவி ஒரு நிரலில் % குறியைப் பார்க்கிறாள். அவளுக்குத் தெரிந்த பெயர் சதவீதம். நிரலில் அது செய்யும் வேலை வகுத்தபின் மிஞ்சும் மீதியைத் தருவது. ஆசிரியர் வாயில் வருவது ‘மாடுலோ’. ஆகவே குறிகள் பகுதியில் ஒன்று, ‘சதவீதக் குறி’யில் ஒன்று, ‘மீதி’யில் ஒன்று, ‘மாடுலோ’வில் ஒன்று என நான்கு வரி வேண்டும்.

நான்கு வரிக்கு இடமில்லை, பக்கம் கூடிவிடும் என்று பதிப்பகத்தில் சொல்வார்கள். சி மொழி நூலின் அந்த இரண்டாம் பதிப்பு மொத்தமே 272 பக்கம். அதில் & குறி தன் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வரி பெற்றிருக்கிறது. போதாததற்கு, தன்னையே அழைத்துக்கொள்ளும் ‘ரிக்கர்ஷன்’ என்ற சொல்லுக்கான பதிவில் கடைசிப் பக்க எண் 269. புரட்டிப் பார்த்தால், அந்தப் பதிவு அச்சாகியிருக்கும் பக்கமே அதுதான்.