பிந்தி வந்த பெட்டி

ரொறன்ரோவில் வசிக்கும் என் தங்கையின் மகனுடைய வீட்டு நிலக்கீழறையில் 15 கிலோவுக்கு மேல் நிறையுள்ள பெட்டி ஒன்று இருக்கிறது. "ஒருக்கா தூக்கிப் பாருங்கோ மாமா" என்றான். முதுகெலும்பின் நலன் கருதி மறுத்துவிட்டேன். உள்ளே இருப்பது ஒரு விளையாட்டு. பெயர் ஃபுரொஸ்ட்ஹேவன். மேசையில் விரித்து, நால்வர் வரை கூடியிருந்து மாதக்கணக்கில் ஆடுவது. தாயக்கட்டையோடும் கரம் பலகையோடும் வளர்ந்த என் போன்றோருக்கு இது வேறோர் உலகம்.

என்னை வியக்கவைத்தது நிறையன்று, அது வந்து சேர்ந்த கதை. 2020 வசந்தகாலத்தில், கிக்ஸ்டார்ட்டர் என்னும் நிதிதிரட்டும் தளத்தின் ஊடாக அவன் இதற்குப் பணம் கட்டியிருக்கிறான். அவனோடு சேர்ந்து 83 ஆயிரம் பேர் கட்டினார்கள். திரண்ட தொகை ஒரு கோடியே 30 இலட்சம் டொலருக்குச் சற்றே குறைவு. பெட்டி 2021 மார்ச்சில் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. இவன் கைக்கு வந்ததோ 2023இல். பணம் கட்டியபோது பாலர் வகுப்பில் இருந்த அவனுடைய மகள், பெட்டி வந்தபோது அதிலிருந்த அட்டைகளைத் தானே வாசித்தாளாம்.

"கோபம் வரவில்லையா?" என்று கேட்டேன்.

"பிந்தினதுக்கு நான் கோவிக்கேல்லை மாமா. என்ன நடக்குதெண்டு அவங்கள் சொல்லிக்கொண்டு இருந்தவங்கள்."

நாற்பது ஆண்டுகள் பத்திரிகை அலுவலகங்களில் கழித்த எனக்கு இந்தப் பதில் சிந்தனையைக் கிளறிவிட்டது. இத்தகைய விளையாட்டுகள் பிந்துவதற்கு நியாயமான காரணங்கள் ஏராளம். விதிகளைப் பலமுறை ஆடிப்பார்த்துத் திருத்தவேண்டும். சிறு உருவங்களுக்கு அச்சுகள் வார்க்கவேண்டும். பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலைகளிலேயே தயாராகின்றன. பிறகு கப்பல், துறைமுகம், களஞ்சியம். கொரோனாக் காலத்தில் கொள்கலன் கட்டணம் பல மடங்கு உயர்ந்ததை வர்த்தகப் பக்கம் வாசித்த எவரும் அறிவர். பணம் கட்டுபவரும் இவற்றை அறிந்தே கட்டுகிறார்.

ஆனால் மாதம் தவறாமல் கடிதம் எழுதிவிட்டால் வெளியீட்டாளரின் கடமை தீர்ந்துவிடுமா? அதையும் நான் ஏற்கமாட்டேன். 2012இல் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லவேண்டும். கீத் பேக்கர், லீ மோயர் ஆகிய இருவர் உருவாக்கிய 'அத்லாந்திக் நகருக்கு வந்த அழிவு' என்ற விளையாட்டை வெளியிடுவதற்கு ஒரு சிறு நிறுவனம் 35 ஆயிரம் டொலர் கேட்டது. 1,246 பேர் சேர்ந்து ஒரு இலட்சத்து 22 ஆயிரத்துக்கு மேல் கொடுத்தார்கள். வேலை நடக்கிறது, நடக்கிறது என்று செய்தி வந்துகொண்டேயிருந்தது. 2013 ஜூலையில் திடீரென்று எல்லாம் கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பணத்தின் பெரும்பகுதி வீட்டு வாடகைக்கும், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வதற்கும், இன்னொரு முயற்சிக்கும் போயிற்று என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2015இல் குற்றஞ்சாட்டியது. மக்களிடம் இவ்வாறு நிதி திரட்டுவது தொடர்பாக அந்த ஆணைக்குழு எடுத்த முதல் நடவடிக்கை இதுவே. ஒரு இலட்சத்து 11 ஆயிரம் டொலர் செலுத்தவேண்டும் என்று முடிவாகியும், செலுத்த வழியில்லை என்பதால் அது நிறுத்திவைக்கப்பட்டது. கிரிப்டோசோயிக் என்னும் வேறொரு நிறுவனம் முன்வந்து, விளையாட்டை அச்சிட்டு, பணம் கொடுத்தவர்களுக்கு இலவசமாக அனுப்பியது. அந்தப் பெருந்தன்மை இல்லாவிட்டால் அவர்களுக்கு எஞ்சியிருக்கக்கூடியவை அந்த இனிய கடிதங்கள் மாத்திரமே.

ஆகவே கடிதங்களின் எண்ணிக்கையை நான் பெரிதுபடுத்தமாட்டேன். கெட்ட செய்தி, வாசகர் தாமாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னர் அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதே என் கேள்வி.

இதை நான் பட்டு அறிந்தவன். எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு வாரப் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தேன். பெயர் வேண்டாம். தொடர்கதை எழுதியவர் நோயுற்றார். "ஒன்றும் போடவேண்டாம், அடுத்த வாரம் வந்துவிடும்" என்றார் ஆசிரியர். அந்த இடத்தில் ஒரு சவர்க்கார விளம்பரத்தைப் போட்டோம். அடுத்த வாரமும் விளம்பரம். அதற்கு அடுத்த வாரமும். கடிதங்கள் குவிந்தன. எழுத்தாளருக்கும் ஆசிரியபீடத்துக்கும் தகராறு என்றார் ஒருவர். கதையை நிறுத்தும்படி மேலிடத்து உத்தரவு என்றார் இன்னொருவர். ஹற்றனிலிருந்து ஒருவர் அனுதாபக் கடிதமே அனுப்பிவிட்டார். எழுத்தாளரோ படுக்கையில் சாய்ந்தபடி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான்காவது வாரம் 'சுகவீனம் காரணமாக' என்று இரண்டு வரி போட்டோம். பிறகு வந்த கடிதங்களெல்லாம் நலம் விசாரித்தவை. அந்த இரண்டு வரியை முதல் வாரமே போட்டிருக்கலாம்.

மேலைநாட்டு வெளியீட்டாளர்கள் சிலர் இதற்கு வேறு வழிகளைக் கண்டிருக்கிறார்கள். போர் விளையாட்டுகளை வெளியிடும் கலிஃபோர்னியாவின் ஜீஎம்ரீ நிறுவனம் முன்பதிவைப் பெற்றுக்கொள்கிறது. உடனே பணத்தை எடுப்பதில்லை. 500 பதிவுகள் சேர்ந்தால் தயாரிப்புக்கான வழி திறக்கிறது. பிந்தினாலும் வாங்குபவரின் பணம் அவரிடமே இருக்கிறது. ஸ்டோன்மையர் நிறுவனத்தின் ஜேமி ஸ்டெக்மையரோ, 2015இல் ஒரு விளையாட்டுக்குப் பெருந்தொகை திரட்டியபின் அந்த வழியையே விட்டுவிட்டார். பொருள் கைக்கு வரும் வேளை நெருங்கும்போதே அதைப் பற்றி அறிவிக்கிறார். நாள் சொல்லி ஏமாற்றும் நிலைமையே எழுவதில்லை. இரண்டாவது வழிக்குக் கையில் முதல் வேண்டும் என்பது உண்மைதான். புதிதாகத் தொடங்கும் இளைஞருக்கு அது எளிதன்று.

2025 ஏப்ரலில் சீனப் பொருட்கள் மீதான அமெரிக்கத் தீர்வை 145 சதவீதத்தைத் தொட்டபோது, ஸ்டெக்மையர் தமது நிறுவனத்துக்கு வரக்கூடிய சுமை ஏறத்தாழ 15 இலட்சம் டொலர் என்று கணக்கைப் பகிரங்கமாக எழுதினார். ஃபுரொஸ்ட்ஹேவனை வெளியிட்ட செஃபலோஃபெயர் நிறுவனமும் சீனாவில் தேங்கிக்கிடந்த தன் சரக்கைப் பற்றி மறைக்கவில்லை. மருமகன் அவர்களுடைய அடுத்த வெளியீட்டுக்கும் பணம் கட்டியிருந்தான். கவலைப்பட்டான், சினக்கவில்லை.

இப்போது அவனுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. புதிய விளையாட்டுக்குப் பணம் கட்ட முன்னர், பெட்டியின் அழகிய படங்களைப் பார்ப்பதில்லை. அதே வெளியீட்டாளர் கடந்தமுறை பிந்தியபோது என்ன எழுதினார் என்பதைத் தேடி வாசிக்கிறான். அண்மையில் ஒன்றுக்கு 140 டொலர் கட்டவிருந்தவன், இடையில் எட்டு மாதங்கள் ஒரு சொல்லும் இல்லாமல் கிடந்ததைக் கண்டு, கடனட்டையைத் திரும்பவும் பைக்குள் வைத்துவிட்டான்.